மைசூரில் நான்கு அலைகள் ஒரே கோடான மாலை

தசராக் கூட்டம் வடிந்த வாரம் கோவையிலிருந்து மைசூருக்குப் போனேன். அரண்மனை பார்க்க அல்ல. நாங்கள் செய்த ரேடியோ கருவியில் அலை உருவாக்கும் சிப்புகள் நான்கு. நான்கும் ஒரே கணத்தில் கிளம்ப வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் கிளம்பின. மைசூரில் நான்காவது மட்டும் சில தடவை ஒரு துடிப்பு பின்தங்கியது. மாலை நான்கு மணிச் சோதனையில் பத்து முறை தொடர்ந்து சரியாக வராவிட்டால் கருவி திரும்பி வந்துவிடும் என்றார் வாடிக்கையாளர்.

காலை ஆறு மணிக்குச் சத்தியமங்கலம் வழிப் பேருந்து. திம்பத்தில் இருபத்தேழு வளைவுகள் (காலையில் எதுவும் சாப்பிடாதீர்கள்), சாமராஜநகரில் தேநீர், பதினொன்றரைக்கு மைசூர். ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர்.

கருவியை நிறுவிய பவித்ரா எங்கள் மைசூர் அலுவலகத்துக்காரி. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் வாயில் கன்னடம்தான் முந்தும். கருவி இருந்த அலமாரியைத் திறந்து காட்டினாள். "நோடு, எவ்ளோ நேர்த்தியா இருக்கு அல்வா?" (நோடு என்றால் பார்; அல்வா என்றால் இல்லையா, தின்பண்டம் அல்ல.)

இருந்தது. நான் ஒரே நீளத்தில் அனுப்பிய நான்கு கேபிள்களும் சுருண்டு கிடந்தது பொறுக்காமல், ஒவ்வொரு சிப்புக்கும் தேவையான அளவுக்கு நறுக்கி இணைத்திருந்தாள்.

"அழகா இருக்கு பவி. அதுதான் வியாதி."

'கிளம்பு' என்ற கட்டளை கேபிளில் இருபது சென்டிமீட்டர் போக ஒரு நானோ நொடி ஆகும். சிப்பின் ஒரு துடிப்பும் அவ்வளவுதான். புது நீளத்தில், நான்காவது சிப்புக்குக் கட்டளை சரியாகத் துடிப்பு விழும் கணத்தில் போய்ச் சேர்ந்தது. அது சில தடவை இந்தத் துடிப்பில் கிளம்பியது, சில தடவை அடுத்ததில்.

"இதை அனுப்பும்போதே சொல்றதுக்கு என்ன கேடு?" என்று முறைத்தாள். நியாயம்தான்.

எண்பது ரூபாய் ஆட்டோவில் மண்டி மொஹல்லா கடைத்தெரு. சந்துக்குள் வண்டி போகாது, முனையிலேயே இறங்கிவிடுங்கள். வயர்லெஸ் சாமான் விற்கும் கடையில் நான் முதலில் அனுப்பிய அளவிலேயே நான்கு கேபிள் கேட்டோம். அலமாரியின் அளவைக் கேட்ட கடைக்காரர் சிரித்தார். "மிச்சத்தை என்ன பண்ணுவீங்க?"

"மேடம் தலையில மைசூர் பேட்டா, அதான் தலைப்பாகை, கட்டிக்குவாங்க," என்றாள் பவித்ரா, என்னைக் காட்டி.

திரும்பி வந்து புதுக் கேபிள்களை மாட்டினோம். நான்கு மணிக்கு வாடிக்கையாளரின் பொறியாளர் வந்தார். பத்து முறை அணைத்து, பத்து முறை போட்டோம். கடைசியில் அவர் அலைகளைக் காட்டும் திரையை உற்றுப் பார்த்தார். "ஒரு கோடுதானே தெரியுது? மத்த மூணு எங்கே?"

"அதுக்குள்ளதான் சார் இருக்கு!" பவித்ரா கத்தியே விட்டாள். ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினேன். நான்கும் இருந்தன. கையெழுத்துப் போட்டார்.

போகிறவர்களுக்கு: திம்பம் பாதையில் இரவுத் தடை உண்டு, திரும்பும் பேருந்தை முன்பே விசாரியுங்கள், இல்லையென்றால் என்னைப் போலத் தங்கிவிடுங்கள். கருவி எதையாவது அனுப்புகிறவர்கள், ஏன் அந்த நீளம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். மறுநாள் காலை பவித்ராவிடம் விடைபெறப் போனபோது, அலமாரிக்குள் மிச்சக் கேபிளை நான்கு சின்னத் தலைப்பாகைகளாகச் சுற்றி அடுக்கியிருந்தாள். மேலே கன்னடத்தில் ஒரு சீட்டு: "வெட்டாதீர்கள். அழகாகத்தான் இருக்கிறது."