அக்காவின் கடைக்கு ஒரு லினக்ஸ்

ராயபுரத்தில் கோயில் மணி கேட்கும் தூரத்தில் என் அக்கா ஒரு ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தாள். துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் மனு, மீனவர் சங்கக் கடிதம், வாடகை ஒப்பந்தம், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று எல்லாம் அங்கே வரும். இரண்டு கம்ப்யூட்டர், கரகரவென்று சத்தம் போடும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். நான் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் கருவிகள் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். விடுமுறை நாட்களில் அவள் கடையில்தான் இருப்பேன்.

பென் டிரைவ் புழக்கத்துக்கு வந்த காலம் அது. யாராவது ஒருவர் கொண்டுவந்து செருகுவார், வைரஸ் உள்ளே வந்துவிடும். ரிப்பேர்காரர் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நகலெடுத்த ஒரு குறுந்தகட்டிலிருந்து மறுபடியும் விண்டோஸ் ஏற்றித் தருவார். சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும்.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகவே ஏற்றிக்கொள்ளக்கூடிய, வைரஸ் அவ்வளவாக ஒட்டாத லினக்ஸ் எனக்குப் பழகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் வைத்திருந்தது லினக்ஸ் வகைகளிலேயே கொஞ்சம் முரட்டு வகை. பாதி வேலையைக் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துத்தான் முடிக்க வேண்டும். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. சுலபமான வகைகளைப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தால் கேலி செய்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா புழலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். சாவி என்னிடம் இருந்தது. அவளுடைய கோப்புகளையெல்லாம் கவனமாகக் குறுந்தகட்டில் நகலெடுத்து வைத்துவிட்டு, இரண்டு கம்ப்யூட்டரிலும் நான் பயன்படுத்திய லினக்ஸையே ஏற்றினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நல்லதுதானே செய்கிறோம் என்ற நினைப்பு.

மறுநாள் மாலை ஷிப்ட் முடிந்து வந்தபோது கடை பாதி ஷட்டர் இறக்கிக் கிடந்தது. உள்ளே அக்கா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடா பண்ணி வெச்சிக்கீற?"

"இனிமே வைரஸ் தொல்ல கெடயாதுக்கா."

"வைரஸ் வராது, சரி. எய்த்து வருதா?"

திரையில் ஒரு மனு திறந்திருந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியும் தொப்பியும் வைத்த ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. அவள் இத்தனை வருடம் அடித்தது பழைய எழுத்துருவில். ஆங்கில எழுத்தின் மேல் தமிழைப் படமாக ஒட்டியது மாதிரி ஒரு ஏற்பாடு. லினக்ஸ் பயன்படுத்தும் புதிய எழுத்து முறையில் அது தமிழாகத் தெரியாது. இதை நான் விளக்க விளக்க அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"காலைல ஒரு அம்மா வந்துச்சு. வூட்டுக்காரர் பென்ஷன் மனு. இன்னிக்குக் குடுத்தே ஆவணும். அதாண்ட இந்தக் கதையெல்லாம் சொல்லட்டா?"

"அப்பறம் என்னக்கா பண்ண?"

"கையால எய்திக் குடுத்தேன். மூணு பக்கம்."

பழையதையே திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்தப் பேஜாரும் வாணாம். உங்கிட்ட கீற லினக்ஸ் சீடி அத்தினியும் எத்துகினு வா. எத்தப் போடறதுன்னு நான் பாத்து சொல்றேன்."

அடுத்த விடுமுறையில் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் ஏற்றாமலேயே குறுந்தகட்டிலிருந்து ஓட்டிப் பார்க்கக்கூடியவை இரண்டு இருந்தன. அக்கா என்னிடம் வாடிக்கையாளர் பெஞ்சைக் காட்டி, "அங்க குந்து. கை வெக்காத. நீ எண்ணூருக்குப் போய்ட்டா அப்பால நான்தான பாக்கணும்?" என்றாள்.

முதலில் நான் ஏற்றி வைத்திருந்ததையே தொடங்கினாள். பிரிண்டரைச் சேர்க்கப் போனதும் கறுப்புத் திரை வந்து கட்டளை கேட்டு நின்றது. "இன்னா கேக்குது இது?" என்றாள். நான் எழுந்தேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன். அதை அத்தோடு முடித்துவிட்டாள்.

இரண்டாவது பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மெனுவைத் திறந்தால் எழுதுவதற்கு மூன்று மென்பொருள், பாட்டுக் கேட்க நான்கு. "ஒரே வேலைக்கு நாலு பேரு நின்னுகினு கீறானுங்க. எவனக் கூப்புடறது?" என்று சிரித்தாள். சிரித்தாலும் நியாயமாக அதற்கும் நேரம் கொடுத்தாள். பிரிண்டர் அதில் அசையவே இல்லை.

மூன்றாவது, குழந்தைகளுக்கானது என்று நான் கேலி செய்துவந்த வகை. பழுப்பு நிறத் திரை, கொஞ்சமாக மெனு. அவள் பென் டிரைவைச் செருகினாள். திரையிலேயே அதன் படம் வந்து நின்றது. பிரிண்டர் என்று இருந்த இடத்தில் அழுத்தினாள். அது என்ன மாடல் என்று கேட்டது. பிரிண்டரின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டு வந்து பட்டியலில் தேர்ந்தெடுத்தாள். கரகரவென்று காகிதம் வெளியே வந்தது. அப்போதும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிழித்து எடுத்து ஓரங்களை ஸ்கேல் வைத்து அளந்தாள்.

"இத்தப் போடு."

தமிழ் தட்டச்சுக்கு மட்டும் நான் தேவைப்பட்டேன். அவள் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்ரைட்டரில் கற்றவள். அதே விசை வரிசை வேண்டும். தேடிச் சேர்க்க எனக்கு இரண்டு மாலை பிடித்தது. முடிந்ததும் அவள் விசைகளைப் பார்க்காமலே மடமடவென்று ஒரு மனு அடித்தாள். அந்த வேகத்தை நான் அதுவரை உட்கார்ந்து கவனித்ததே இல்லை. புதிதாகக் கற்கிறவள் என்றுதான் அவளைப் பற்றி எண்ணியிருந்தேன். தன் வேலைக்கு என்ன வேண்டும் என்பதை அவளைவிடத் தெரிந்தவர் அந்தக் கடையில் யாரும் இருந்ததில்லை.

இரண்டாவது கம்ப்யூட்டரில் விண்டோஸையே திரும்பப் போடச் சொன்னாள். பழைய கோப்புகளுக்காக மட்டும். அதில் யாருடைய பென் டிரைவும் கூடாது. நகலெடுத்த விண்டோஸ் கூடாது என்று நான் கொள்கை பேசினேன்.

"உங் கொள்கைய உன் வூட்ல வெச்சிக்கோ," என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். அந்த மழைக்காலம் முழுவதும், ஆள் வராத நேரங்களில், அடிக்கடி தேவைப்படும் மனுக்களைப் புதிய எழுத்தில் ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்தாள். எழுத்துருவை மாற்றித்தர ஏதாவது நிரல் கிடைக்கும் என்றேன். "கெடைக்கறப்ப கொண்டா," என்றுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருடம் பக்கத்துத் தெருவில் இருந்த மீனவர் சங்க அலுவலகத்துக்கு இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் வந்தன. எதைப் போடலாம் என்று அக்காவிடம்தான் கேட்டார்கள். அவள் போய் அரை நாள் அவர்களோடு உட்கார்ந்து என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறாள். அவர்கள் அனுப்ப வேண்டிய படிவம் ஒன்று விண்டோஸில் மட்டும்தான் திறக்கும். "அப்ப உங்களுக்கு லினக்ஸ் வாணாம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எனக்கு இது சங்கச் செயலாளர் சொல்லித்தான் தெரிந்தது. முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பஸ்ஸில் எண்ணூர் போகும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நானாக இருந்தால் அன்றைக்கே இரண்டிலும் ஏற்றிவிட்டு வந்திருப்பேன்.