தவளைக்குத் தலை வாரிவிட்டவள்

தையல்காரிக்கு ஒரு வியாதி உண்டு. நூல் மேல் நூல் ஏறினால் பொறுக்காது. அவள் தைத்த சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு போனாலும் ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது, அத்தனை சுத்தம். எதிர்வீட்டு வாத்தியார் ஒருநாள் அப்படியே பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறார்.

கல்யாணமாகி வந்தபோது அவள் நகையோடு வரவில்லை, காரோடு வந்தாள். தையல் காசில் வாங்கிய கிழட்டுக் கார், தானே ஓட்டிக்கொண்டு. பச்சை நிறம், பிதுங்கிய விளக்குகள், கிளம்பும்போது ஒரு குதி. தெரு அதற்குத் தவளை என்று பேர் வைத்தது. மாமியாருக்கு மட்டும் அது வெறும் 'அது'.

"அதுல நான் ஏறணுமா? எனக்கென்ன ரெண்டு உசிரா இருக்கு?"

மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்பாள். மருமகள் பக்கத்தில் தவளையை நிறுத்திக் கதவைத் திறந்தால், யாரோ எவரோ என்பதுபோல் பஸ் வரும் திசையையே பார்ப்பாள். பஸ்ஸும் அவள் மானத்தைக் காப்பாற்ற எப்படியோ வந்துவிடும்.

அப்படிப்பட்டவள் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், மருமகள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்தக் காலை பஸ்ல நீட்ட முடியாது. நாளைக்கு உன் வண்டியிலயே வர்றேன். வழியில நின்னுச்சு, எறங்கி நடந்தே போயிடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் அதுல ஏற மாட்டேன்."

தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் மகாராணி முதன்முதலாக ஏறப் போகிறாளே! காலையில் எழுந்ததும் பானெட்டைத் திறந்தாள். புது பிளக், புது பாயிண்ட், புது ஒயர்கள். நடுவில் இருக்கும் உருண்டை மூடியிலிருந்து நாலு தடித்த ஒயர்கள் கிளம்பி, ஆளுக்கொரு பிளக்குக்குப் போய் நெருப்புப் பொறி கொடுக்க வேண்டும். பழசைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதுசை வரிசையாக மாட்டி, கறுப்பு நூலால் அங்கங்கே கட்டி, தள்ளி நின்று பார்த்தாள். கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

சாவியைத் திருப்பினாள்.

தவளை இருமியது, தும்மியது, பிறகு பின்பக்கமாக ஒரு வெடி வெடித்தது பாருங்கள், வாத்தியார் வீட்டுக் கோழிகள் மூன்றும் கூரை மேல்!

"ஏம்மா, யாரையாவது சுட்டுட்டியா?" என்று மாவு பூசிய தலையோடு ஓடிவந்தார் புருஷன். பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார்.

"ஒழுங்கா ஓடினதை நானே கெடுத்துட்டேங்க."

"மத்தியானம் அம்மாவைக் கூப்பிடப் போகணும். டாக்ஸி சொல்லிடவா?"

"டாக்ஸின்னு சொன்னீங்க, அது சக்கரத்துக்கு முன்னாடி போய் நானே படுத்துக்குவேன். சாவியைத் திருப்புங்க!"

அவர் திருப்பினார். அவள் தேடினாள். பெட்ரோல் வருகிறதா? வந்தது. பிளக்குகளைக் கழற்றினாள், நனைந்திருந்தன. துடைத்து, ஒவ்வொன்றாக இரும்பில் வைத்துப் பார்த்தாள். நாலிலும் நீலப் பொறி பளிச்சென்று தெறித்தது. பொறியை நேரத்துக்குத் தட்டிவிடும் பாயிண்டின் இடைவெளியை அளந்தாள். மயிரிழை பிசகில்லை. எல்லாம் சரி. மறுபடி சாவி. மறுபடி வெடி. இந்தத் தடவை எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் வழியாகவே நெருப்பு எட்டிப் பார்த்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புருஷன் பேசிவிட்டு வந்து, "அம்மா பையெல்லாம் கட்டி மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்களாம். நர்ஸம்மாகிட்ட 'என் மருமக கார் கொண்டுவரா'ன்னு சொல்லிட்டிருக்காங்களாம்" என்றார்.

கார்! 'அது' இல்லை, கார்! தையல்காரி ஸ்பானரை ஓங்கித் தொடையில் அடித்துக்கொண்டாள், அழாமல் இருக்க.

பெண்டாட்டியைத் தேற்ற என்ன சொல்வதென்று தெரியாமல் ரொட்டிக்காரர் எஞ்சினைப் பாராட்டினார். "என்னதான் சொல்லு, இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு. முன்னாடி இந்த ஒயரெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, தூங்கி எந்திரிச்ச தலை மாதிரி கிடக்கும். நீ நல்லா வாரி விட்டிருக்க."

அவள் அவரைப் பார்த்தாள். ஒயர்களைப் பார்த்தாள்.

"ஐயோ!"

பழைய எஞ்சின் வரிசையில் நிற்காது. ஒன்று, பிறகு மூன்று, நாலு, கடைசியில்தான் இரண்டு. அந்த முறையில்தான் பொறி போக வேண்டும். அதற்கு ஒயர்கள் ஒன்றையொன்று தாண்டியே ஆக வேண்டும். இது அவளுக்குத் தெரியாததில்லை; கை அதன் பழக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நேராகத் தைத்துவிட்டது. நாலு சிலிண்டரில் ஒன்றுக்கு மட்டும் சரியான நேரத்தில் நெருப்பு. மற்ற மூன்றும் அடுத்தவர் முறையில் பேசிக்கொண்டிருந்தன.

கத்தரிக்கோலால் நூலை வெட்டினாள். ஒயர்களை மாற்றிக் குத்தினாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி அலங்கோலமாகக் கிடந்தன. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"திருப்புங்க!"

தவளை ஒரு குதி குதித்து, பிறகு பாலைக் குடித்த பூனைபோலக் குர்ர்ரென்று ஓடியது. அவள் கத்திய கத்தலில் கூரையிலிருந்த கோழிகள் கீழே இறங்கிவிட்டன. ரொட்டிக்காரரைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அவர் தலை மாவெல்லாம் அவள் முகத்தில்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது முன்சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, மாவுக்கட்டை நீட்டி, ஊன்றுகோலை ஜன்னலுக்கு வெளியே கொடிக்கம்பம்போல நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மாமியார். வழி நெடுக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் நிறுத்தம் வந்தபோது மட்டும், அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராக, நிதானமாகப் பார்த்தாள்.

வண்டி வீட்டு வாசலில் நின்றது.

"அத்தை, வீடு வந்துடுச்சு."

"தெரியுது. எனக்குக் கண்ணு ஒண்ணும் ஒடியலையே." மாமியார் கதவைத் தொடவில்லை. "கால் விண்ணு விண்ணுங்குது. இப்ப எறங்க முடியாது. இன்னொரு தடவை அந்த பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வா."