ஏற்றத்தில் திணறிய கார்

கார்ப் பட்டறைக்கு வருகிறவர்கள் அவருக்குக் கறார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்; உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. சுவரில் ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு ஸ்பானரும் தொங்கவேண்டிய இடத்தில் அதன் உருவத்தை வெள்ளைப் பெயிண்டில் வரைந்து வைத்திருந்தார். சாயங்காலம் ஓர் உருவம் வெறுமையாகத் தெரிந்தால், அந்த ஸ்பானர் கிடைக்கும்வரை ஷட்டர் இறங்காது. வேலையில் கவனம் பிசகுகிறவனைக் கண்டால் அவருக்கு ஆகாது.

ஒயரிங் வேலைக்கு அவர் வெளியாளைத் தேடியதில்லை. மனைவியின் தம்பியே அதில் கெட்டிக்காரன். பேச்சு குறைவு. ஒயர்களைச் சடை பின்னுவதுபோல் ஒழுங்காகக் கட்டி வைப்பான். பட்டறையில் ஆளுக்கொரு மூலையில் வேலை செய்தாலும் மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒரே கேரியரில் வரும்.

ஒருநாள் பல் டாக்டர் அம்மா ஒருவர் தன் குட்டிக் காரோடு வந்தார். அவருடைய அப்பா ஓட்டிய கார், விற்க மனமில்லை. ஆனால் வீடோ மலைச்சரிவில். ஏற்றத்தில் சரக்கு லாரிகூட ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போகிறது, மானம் போகிறது என்றார். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு பெரிய காரிலிருந்து நல்ல டர்போ என்ஜின் ஒன்று கிடைத்தது. அதைக் குட்டிக் காருக்குள் இறக்குவது, சுண்டெலிக்குள் யானையின் நுரையீரலை வைப்பதுபோன்ற வேலை. கறார், என்ஜின் உட்காரும் தாங்கிகளை வெட்டி ஒட்டினார், காற்றுக் குழாய்களை வளைத்தார், டர்போ தள்ளும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தினார். மச்சினன் கம்ப்யூட்டரையும் சென்சார்களையும் இணைத்தான். சாவியைத் திருப்பியதும் என்ஜின் பட்டென்று பிடித்தது. நின்ற இடத்தில் முறுக்கினால் பூனைபோல் உறுமியது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அந்தச் சந்தோஷம் மேட்டுச் சாலை வரைக்கும்தான். மூன்றாவது கியரில் அழுத்தினால் வண்டி ஒரு பாய்ச்சல் பாயும், உடனே திணறும், என்ஜின் விளக்கு எரியும். பிறகு தள்ளுவண்டி வேகம்தான். ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டுக் கிளப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.

ஸ்கேனரை மாட்டினால் ஒரே பதில்: என்ஜினுக்குப் போகும் காற்றழுத்தம் போதவில்லை. குழாயில் எங்கேயாவது கசிவா என்று உள்ளே புகையைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒரு நூல் புகைகூட வெளியே வரவில்லை. குழாயில் குறையில்லை என்றால் சென்சார் பொய் சொல்கிறது, சென்சார் பொய் சொன்னால் ஒயரில் கோளாறு. கறார் போட்ட கணக்கு இப்படிப் போனது. மச்சினன் சென்சாரை மாற்றினான், எர்த் ஒயரைப் புதிதாகப் போட்டான், பின்னிய ஒயர்களையெல்லாம் பிரித்து மறுபடியும் பின்னினான். வண்டி அதே மேட்டில் அதே மாதிரி திணறியது.

டாக்டர் அம்மா வந்து பொறுமையிழந்து கேட்டபோது, பட்டறையில் வேறு சில வண்டிக்காரர்களும் நின்றிருந்தார்கள். கறாருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. மச்சினன் பக்கம் திரும்பினார்.

"என் வேலைய நான் சுத்தமா முடிச்சுட்டேன். ஒயர் வேலைக்குக் கவனம் வேணும் மாப்ள, அது உனக்குக் கிடையாது. இனிமே என் பட்டறை வண்டியில கை வைக்காத."

அவன் கையிலிருந்த டேப்பைச் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினான். கொஞ்ச நாளில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மோட்டார் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. அக்கா போன் செய்தாலும் எடுப்பதில்லை. வீட்டில் கறாரின் மனைவி அவருக்குச் சோறு போட்டாள், துணி எடுத்து வைத்தாள். பேச்சை மட்டும் அளந்து பேசினாள்.

வீம்புக்குத்தான் கறார் மறுபடி அந்த வண்டியைக் கையில் எடுத்தார். இன்டர்கூலருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு அழுத்தமானிகளை நீளமான ரப்பர்க் குழாயில் இணைத்து, டேஷ்போர்டில் ஒட்டிக்கொண்டு மேடு ஏறினார். திணறல் வந்த நேரத்தில் முன்முள் எகிறி நின்றது. பின்முள் படுத்துவிட்டது. சென்சார் பொய் சொல்லவே இல்லை. நடுவில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. கசிவைத் தேடினார்களே தவிர, அடைப்பை யாரும் தேடவில்லை.

பட்டறைக்குத் திரும்பி இன்டர்கூலரைக் கழற்றினார். அதன் வாயில் எண்ணெய் ஊறி, ஓரம் பொசுங்கி, ஒரு துணி சுருண்டு கிடந்தது. இழுத்து விரித்தார். நீலத்தில் மஞ்சள் பூ. மனைவியின் பழைய நைட்டியின் கை.

தாங்கியைத் தேய்க்கும்போது இரும்புத்தூள் டர்போவுக்குள் போய்விடக்கூடாது என்று திறந்திருந்த குழாயில் துணியைத் திணித்தது அவர் கைதான். யாரோ கூப்பிட்டார்கள், போனார். வந்ததும் குழாயை மாட்டிவிட்டார். சும்மா இருந்தால் துணி குழாயின் அடியில் படுத்துக் கிடக்கும். காற்று வேகமெடுத்தால் எழுந்துபோய் வாயை அடைக்கும். மச்சினன் அந்தக் குழாய்ப் பக்கம் வந்ததேயில்லை.

அப்போதே மச்சினனைக் கூப்பிட்டுச் சொல்லப் போனை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. துணியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு குழாயை மாட்டினார். டாக்டர் அம்மா மேடு ஏறி, ஒரு லாரியை முந்திவிட்டு, சிரித்த முகத்தோடு இறங்கி வந்து என்ன கோளாறு, ஒயர்தானா என்று கேட்டார்.

"எல்லாம் சேர்ந்துதான்" என்றார் கறார்.

வண்டி சரியாகிவிட்டது என்று கேட்டதும், இனி சண்டை தீர்ந்தது என்ற நினைப்பில் மனைவி தன் தம்பியின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் மச்சினன் பட்டறை வாசலில் நின்றான். ஆள் இளைத்திருந்தான்.

"தப்பு என்னோடதுதான் மாமா. எந்த ஒயருன்னு மட்டும் சொல்லுங்க. ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்துட்டேன், எனக்குப் பிடிபடல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மன்னிப்புக் கேட்டு வந்தவனை எதிரே வைத்துக்கொண்டு கறாரால் நிமிர முடியவில்லை. பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"ஒயர்ல ஒண்ணுமில்ல மாப்ள. நான் குழாய்க்குள்ள விட்ட துணி. நேத்தே தெரியும் எனக்கு. சொல்லல."

அவன் துணியைத் திருப்பிப் பார்த்தான். "அக்காவோட நைட்டி" என்று சொல்லும்போது சிரிப்பு மாதிரி ஏதோ வந்து பாதியில் நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னான்:

"நீங்க திட்டினது போகட்டும். நானே என்னை நம்பாம போயிட்டேன். வீட்டுல ஒரு பல்பு மாட்டக்கூட கை நடுங்குது மாமா."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

கறார் அன்றே பல் ஆஸ்பத்திரிக்குப் போய், நோயாளிகளோடு நாற்காலியில் காத்திருந்து, டாக்டர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். அவருக்குக் கோபம் வந்தது. அந்தப் பையனிடம் வேலை கொடுக்காதீர்கள் என்று தான் நாலு பேரிடம் சொல்லிவிட்டதாகவும், கொட்டிய வார்த்தையை இப்போது எப்படி அள்ளுவது என்றும் கேட்டார். யார் யார் என்று விசாரித்துக்கொண்டு கறார் ஒவ்வொருவர் வீட்டுப் படியாக ஏறினார். சிலர் பெருந்தன்மை என்று பாராட்டினார்கள். அதுதான் அவரை அதிகம் குன்றவைத்தது. மனைவியிடம் கடைசியாகச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "நைட்டியக் கிழிச்சுக் குடுத்த பாவத்துக்கு எனக்கும் பங்கு உண்டா?" என்று மட்டும் கேட்டாள்.

மச்சினன் கிடங்கு வேலையை விட்டு மறுபடி ஒயரிங்குக்கு வந்தான். ஆனால் ஊரின் மறுகோடியில் வேறொருவர் பட்டறைக்கு. இப்போது விடுமுறை நாளில் வீட்டுக்கு வருகிறான். மாமா என்றுதான் கூப்பிடுகிறான், குழம்பு நன்றாக இருக்கிறது என்கிறான், தன் குழந்தை நடக்கப் பழகுவதைச் சொல்கிறான். வண்டிகளைப் பற்றி மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கறாரும் கேட்பதில்லை. அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற நேரத்தில், இன்றைக்காவது வண்டிப் பேச்சை எடுப்பானோ என்று துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.