கட்டைவிரல் பதித்த குழி

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் ஆம்பூரில் என்னைப்போல் தோல் பார்க்கத் தெரிந்தவன் இன்னொருவன் இருந்தால் என் எதிரில் வந்து நிற்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும். ஆட்டின் மேல் எப்போதோ முள் கீறி ஆறிய இடத்தைக்கூடச் சொல்லிவிடுவேன். கூலிக்குத் தோல் அலசியவன் சொந்தமாகத் தோல் பதனிடும் டேனரி வைத்தது இந்த விரலை வைத்துத்தான். இது போனால் நான் இல்லை.

போன வருடம் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடத் தொடங்கினேன். சில வாரங்களில் இரண்டு காலும் வீங்கிவிட்டன. என் டேனரித் தோலில் தைத்த செருப்பு எனக்கே நுழையவில்லை. கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

சுண்ணாம்பு போகக் கழுவி ஊறவைத்த தோலை நாங்கள் இப்படித்தான் சோதிப்போம். விரல் பதிந்த குழி எழும்பாமல் நின்றால் தோல் பதமாகிவிட்டது, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இறக்கலாம் என்று அர்த்தம். வாழ்நாள் முழுக்கத் தோலில் பார்த்த குழியை என் காலிலேயே பார்த்தேன்.

“இன்னாங்க, சரக்கு பாக்கற மாதிரி காலப் பாக்கறீங்க?” என்றாள் மனைவி.

“பதம் வந்துடுச்சுடி.”

“அப்போ ஷூ தெச்சிடலாமா? டாக்டராண்ட போங்க மொதல்ல.”

போகவில்லை. இளவயதில் இடுப்பளவு பட்டைத் தண்ணீரில் நின்று வேலை பார்த்தவன் நான். ஆட்டுத்தோலை இறுக்குகிற பட்டை என் தோலை இறுக்காதா? மாத்திரையை நிறுத்தினேன். ஆவாரம்பட்டையை இடித்துக் கஷாயம் வைத்துக் காலையும் மாலையும் குடித்தேன். நாக்கெல்லாம் துவர்ப்பு. பத்தே நாளில் வீக்கம் வடிந்துவிட்டது! டேனரியில் எல்லோருக்கும் காலைத் தூக்கிக் காட்டினேன்.

“மொதலாளி வாசல்ல வைத்தியர்னு போர்டு மாட்டிடலாம்,” என்றார் மேஸ்திரி.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை, புதிதாக வந்த தோலைத் தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. வேறு யாருடைய விரலோ தொடுவதுபோல் இருந்தது. இடது கையால் தடவினேன், எல்லாம் தெரிந்தது. குறை தோலில் இல்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டேன், நாக்கு குழறியது. அவர் பயந்துபோய் என்னைக் காரில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினார். வழியெல்லாம் கட்டைவிரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே போனேன். பள்ளிகொண்டா தாண்டிய பிறகுதான் சட்டைத் துணி என்று ஒன்று இருப்பதே விரலுக்குத் தெரிந்தது. அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நான் சொன்ன கஷாயக் கதையைக் கேட்டார். பிறகு குனிந்து, என் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி, எடுத்து, உற்றுப் பார்த்தார். அதே இடம், அதே அழுத்தம்!

“நீங்க டேனரில வேல பாத்தீங்களாம்மா?”

சிரித்துவிட்டார். “காலேஜ்ல கத்துக்கிட்டதுங்க ஐயா. உங்க கால் வீக்கம் அந்த மாத்திரையால வந்தது. சிலருக்கு அப்படி ஆகும். அத நிறுத்தினீங்க, வடிஞ்சிடுச்சு. பட்டையால இல்ல.”

“அப்போ நான் நிறுத்தினது கரெக்ட்டுதானே?”

“டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா வேற மாத்திரை குடுத்திருப்பாங்க. நீங்களா நிறுத்தினதால பிரஷர் எக்கச்சக்கமா ஏறி, மூளைக்கு ரத்தம் போறது கொஞ்ச நேரம் தடைபட்டுடுச்சு. இன்னைக்கி விரல் திரும்பிச்சு. அடுத்த வாட்டி திரும்பாம போலாம்.”

“பட்டை தோலுக்கு நல்லதும்மா.”

“செத்த தோலுக்கு,” என்றார்.



இப்போது வேறு மாத்திரை. தவறாமல் போடுகிறேன். காலையில் எழுந்ததும் காலை அழுத்திப் பார்க்கிறேன். குழி விழுகிறது, உடனே எழும்பி விரலைத் தேடிக்கொண்டு வருகிறது. எத்தனை தோல் பார்த்தவன் நான்! ஒன்றுகூட இப்படித் திரும்பி வந்ததில்லை.

“எத்தினி வாட்டிதான் பாப்பீங்க? இட்லி ஆறுது,” என்கிறாள் மனைவி.

இன்னொரு முறை அழுத்துகிறேன்.