பச்சை லொறி

என் லொறிக்கு நிறம் மாற்றாமல் விட்டதை மறதி என்று ஊருக்குச் சொன்னேன். அது பொய். மற்றவர்களின் பயம் எனக்கு வசதியாக இருந்தது.

நடந்தது சில ஆண்டுகளுக்கு முன், கிளிநொச்சியில், வாய்க்காலோரம் இருக்கும் எங்கள் குடியேற்றத் திட்டத்தில். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், நெல் ஏற்றுவதற்காக, இராணுவம் கழித்துவிட்ட லொறியொன்றை ஏலத்தில் எடுத்தேன். நிறத்தை மாற்றச் சொல்லித்தான் தந்தார்கள். ஆனால் அந்தப் பச்சையைக் கண்டாலே வீதியில் எல்லோரும் ஒதுங்கினார்கள்.

"பெயின்ற் அடிச்சுப்போடாதேங்கோ மாஸ்டர், பஸ்காரனே வழி விடுறான். நீங்கள் இப்ப பெரிய கொமாண்டர்!" என்று சாரதி சிரித்தான். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அறையத் தோன்றுகிறது.

பழைய வண்டி. பிரேக்குக்கான காற்று இரவில் கசிந்துவிடும். காலையில் மறுபடி காற்று நிரம்பும்வரை, நிற்கிற இடத்திலேயே எஞ்சினை உறுமவிட வேண்டும். கசிகிற குழாயைத் தேடி மாற்ற நான் மினக்கெடவில்லை.

என் வீட்டு வேலிக்கு அப்பால் ஒரு தாய் தனியே வாழ்ந்தார். போர் முடிந்த நாட்களில் அவருடைய மகனைப் படையினர் லொறியில் ஏற்றிப் போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் காலைதோறும் அவர் வேலியோரம் அந்த வண்டியை உறுமவிட்டேன்.

ஒருநாள் அவர் படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, லொறியின் பின்பலகையைப் பிடித்தபடி நெல் மூட்டைகளுக்கிடையில் எட்டிப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்கென்ன விசரே? தள்ளி நில்லுங்கோ, வண்டி வெளிக்கிடப் போகுது!" என்று கத்தினேன்.

அவர் கையை எடுக்கவில்லை.

"அண்டைக்கு அவங்களும் இப்பிடித்தான் சொன்னவங்கள், மாஸ்டர். லொறி எஞ்சின் நிப்பாட்டாமல் நிண்டது. தள்ளி நில் எண்டாங்கள். நான் தள்ளி நிண்டனான்."

சாரதி எஞ்சினை நிறுத்தினான்.

அந்தக் கிழமையே லொறிக்கு நீல நிறம் அடித்தேன். குழாயை மாற்றினேன். வண்டியை ஊருக்கு வெளியே அரிசி ஆலையில் நிறுத்தினேன். பிறகு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதிரையைத் துடைத்து இருக்கச் சொன்னார். தேத்தண்ணி தந்தார்.

"இப்ப விடிய சத்தம் இல்லை, மாஸ்டர்," என்றார் கடைசியில். "சத்தம் கேக்குமட்டும், பிள்ளையை ஏத்தின லொறி இன்னும் வெளிக்கிடேல்லை எண்டு படுத்திருப்பன். இப்ப அதுவும் போயிட்டுது."

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று பதில் சொல்ல வேண்டியவர்கள் எங்கோ சுகமாக இருக்கிறார்கள். அவர்கள்மீது எனக்குள்ள கோபம் சாகும்வரை ஆறாது. ஆனால் 'தள்ளி நில்' என்று அந்தத் தாயிடம் இரண்டாம் தடவை சொன்னது அவர்கள் அல்ல, நான்.