வெயிலில் காய வைத்த படம்

எங்கள் பக்கத்தில் பழைய சிடிக்கு ஒரே வேலைதான். கதிர் முற்றுகிற வயலில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் பளபளவென்று சுற்றும், கிளி கிட்டே வராது. அதனால் என் அலமாரியில் வரிசையாக நிற்கும் நீலப் பெட்டிகளைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஏக்கருக்குங்க இது?" என்பதுதான்.

அது சிடி இல்லை, ப்ளூ-ரே என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சினிமாவை அதன் முழுத் துல்லியத்தோடு அடைத்து வைத்த வட்டு, டிவியில் போட்டால் நடிகர் சட்டையில் நூல் பிரிந்திருப்பது வரை தெரியும் என்பேன். "அதைப் பாத்து நாம என்ன பண்ணப் போறோம்?" என்பார்கள். நியாயமான கேள்வி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், பெட்டியின் முதுகில் உள்ள இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். திருவாரூருக்கும் கீழ்வேளூருக்கும் நடுவே கொஞ்சம் நிலம், நெல் விவசாயம். இதில் எனக்கு எதற்கு இந்த வேலை என்று நானே பல தடவை கவலைப்பட்டிருக்கிறேன்.

கவலை எனக்குப் புதிது இல்லை. ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் நாற்று காயுமே என்று கவலை, வந்தால் வாய்க்கால் உடைக்குமே என்று கவலை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சான் தன்னுடைய பழைய பிளேயரையும் ஆறு டிஸ்க்கையும் கொண்டுவந்து கொடுத்தபோது, வாங்குவதற்கு முன் நான் கேட்டது, "இது வெடிக்காதுல்ல?"

ஆனால் டிஸ்க் சேர்க்கிற புத்தியும் அந்தக் கவலையிலிருந்துதான் வந்தது. செல்போனில் இந்த மாதம் இருக்கிற படம் அடுத்த மாதம் இருப்பதில்லை. எங்கே போயிற்று, யார் எடுத்தார்கள் என்று கேட்க ஆள் கிடையாது. டிஸ்க் என்றால் அலமாரியில் இருக்கும், யாரும் வந்து உருவிக்கொண்டு போக முடியாது. விதைநெல்லை வீட்டிலேயே எடுத்து வைக்கிறவனுக்கு இது சொல்லிப் புரிய வேண்டியதில்லை.

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு டிஸ்க் சேர்க்கிறவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்தார்கள். அதில் காலேஜ் வாத்தியார் இருக்கிறார், மருந்துக்கடைக்காரர் இருக்கிறார், நாகப்பட்டினம் பக்கம் மீன் வியாபாரம் பார்க்கிற ஒருத்தர் இருக்கிறார். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு செய்தி வரும். இப்போது காலையில் போனைத் திறந்தால் கொக்குக் கூட்டம் மாதிரி இறங்கியிருக்கிறது. பழைய தமிழ்ப் படங்களைக் கழுவித் துடைத்து டிஸ்க்கில் போடுகிறார்கள், அறிவித்த ஒரு வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. அப்படி ஒருநாள் வந்த அறிவிப்பில்தான் அந்தப் படத்தின் பெயரைப் பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

காரணம் என் மனைவி.

கல்யாணத்துக்கு முன், அவள் ஊரில் ஒரு சினிமா ஷூட்டிங் நடந்ததாம். கதாநாயகன் வரப்பில் ஆடிக்கொண்டு வருவார், பின்னால் பெண்கள் வரிசையாக நாற்று நடுவார்கள். அந்த வரிசையில் தானும் நின்றதாக, கல்யாணமாகி வந்த புதிதில் சொன்னாள். மத்தியானம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள் என்பதுவரை சொன்னாள். என் தங்கை உடனே, "அந்தப் பாட்டு பொள்ளாச்சிப் பக்கம் எடுத்தது அண்ணி. எல்லாருக்கும் தெரியும்" என்றாள். அப்போது இருந்தது மங்கலான வீடியோ. பெண்களெல்லாம் சேற்றில் கரைந்த மாதிரி இருப்பார்கள். யாரை என்று காட்டுவது?

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் நிரந்தரக் கேலி. தங்கை அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நடவுக்கு வந்து என் மனைவி பக்கத்தில் நின்றால் அவளுக்கு இரண்டு புகார். ஒன்று, "சினிமாக்காரி கூட நின்னா நம்ம முகம் எடுபடுமா?" மற்றது, என் மனைவி இடதுகைக்காரி, குனிந்து நடும்போது அவள் முழங்கை பக்கத்தில் நிற்பவள் விலாவில் இடித்துக்கொண்டே இருக்கும் என்பது. இவளும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். ஆனால் எங்கள் பெண்ணின் நிச்சயதார்த்தத்தில், சம்பந்தி வீட்டார் நடுவில், "எங்க அண்ணி சொல்றதுல பாதியைக் கழிச்சுக்கங்க, சினிமாவுலயே நடிச்சேன்னு சொல்றவங்க" என்று தங்கை விளையாட்டாகச் சொல்லிவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் என் மனைவி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது அந்தப் படம் துல்லியமாக வருகிறது. முகம் தெரியும். அவள் முகம் இல்லாவிட்டால்? அதை நானே வீட்டுக்கு வரவழைத்த மாதிரி ஆகிவிடாதா? நான்கு நாள் யோசித்து, வாங்கிவிடுவது, முதலில் தனியாகப் போட்டுப் பார்ப்பது, அவள் இருந்தால் மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

டிஸ்க் வந்தது மாசி மாதம், சம்பா அறுவடை முடிகிற சமயம். நாங்கள் வயலில் இருந்த நேரம் பார்த்து கூரியர்காரர் வந்து, கேட்டில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலையில்தான் பார்த்தேன். ராத்திரிப் பனி முழுவதும் அதன் மேல்தான். பிரித்தால் பெட்டிக்குள் முத்து முத்தாகத் தண்ணீர், டிஸ்க் மேல் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி ஒரு படலம்.

எனக்கு அப்போது ஈரம் என்ற சொல்லே ஆகாது. முந்தின நாள்தான் நெல்லில் ஈரம் பத்தொன்பது சதவீதம் இருக்கிறது, காய வைத்துக் கொண்டு வாங்க என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளைத் திருப்பியிருந்தார்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும் என்று வாட்ஸப்பில் வேறு படித்திருந்தேன். துணியால் துடைக்கலாம் என்றால், தேய்த்தால் கீறல் விழும் என்று மீன் வியாபாரி பெரிய எழுத்தில் எச்சரித்திருக்கிறார். துடைக்கக்கூடாது, ஈரமும் கூடாது. மாடியில் தார்ப்பாய் விரித்து விதைநெல் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

டிஸ்க்கை நெல்லுக்குப் பக்கத்தில் மூட்டை மேல் சாய்த்து வைத்தேன். அரைமணிக்கு ஒரு தடவை நெல்லைக் காலால் கிளறிவிட்டு, அதையும் ஒரு திருப்புத் திருப்பினேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டவன் கண்ணயர்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு மாடி ஏறினால் நெல் பதமாகக் காய்ந்திருந்தது. டிஸ்க் அரசிலை மாதிரி வளைந்திருந்தது.

பிளேயரில் போட்டேன். தொண்டையைச் செருமிவிட்டு வெளியே துப்பியது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் துப்பியது. போட்ட காசு போச்சே என்றிருந்தது. அதே சமயம், உண்மையைச் சொல்கிறேன், ஓரத்தில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. இனி யார் முகமும் தெரியப்போவதில்லை. அந்த நிம்மதி வந்ததற்காக வேறு தனியாகக் கவலைப்பட்டேன்.

நிமிர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் அதை விதைமூட்டைக்கு அடியில் வைத்தேன். இரண்டாம் நாள் கூட்டுவதற்கு மூட்டையை நகர்த்திய என் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது என்னங்க, அப்பளமா?"

"டிஸ்க். ஈரமா இருந்துச்சு, காய வச்சேன்."

"ஈரம் எத்தனை, பத்தொன்பதா?"

அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தப் படம் இது?"

பொய் சொல்ல எனக்கு வராது, வியர்த்துவிடும். "அந்த நடவுப் பாட்டு இருக்கே, அது" என்றேன்.

அப்படியே பக்கத்திலிருந்த மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க பாத்தீங்களா?" என்றாள்.

"இல்ல. ஓடல."

"பாக்கறதுக்கு முன்னாடியே காய வச்சிட்டீங்க." கோபம் மாதிரியும் இல்லை, சிரிப்பு மாதிரியும் இல்லை. "இன்னொண்ணு கெடைக்குமா?"

"பாக்கணும்."

"கெடைச்சா உங்க தங்கச்சியையும் கூப்பிடுங்க. அவ இல்லாம போடக்கூடாது."

"அதுக்கு முன்னாடி நாம மட்டும் ஒருதடவை பாத்துடலாமே. எதுக்கும் நல்லது."

"எதுக்கு? நான் நட்டது எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதே என்று சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

படம் எங்கேயும் கிடைக்கவில்லை, முதல் சுற்றே தீர்ந்துவிட்டது. குழுவில் வெட்கத்தை விட்டு நடந்ததை எழுதினேன். அரைநாள் முழுக்கச் சிரிப்புப் பொம்மைகளாக வந்தன. காலேஜ் வாத்தியார், புழுங்கலா பச்சையா என்று கேட்டிருந்தார். கடைசியில் மீன் வியாபாரி போன் செய்தார்.

"அண்ணே, எங்கிட்ட இருக்கு. ஆனா உங்க கையில தரமாட்டேன். நானே கொண்டாறேன், நானே போடறேன், நானே எடுத்துக்கிட்டுப் போறேன்."

"சரிங்க."

"வீட்டுல வெயில் வர்ற ஜன்னல் இருந்தா சாத்தி வைங்க."

ஞாயிற்றுக்கிழமை, கீழ்வேளூரில் வியாபாரத்தை முடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு வந்தார். மிச்ச மீனும் ஐஸும் உள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்று, அதே மாதிரி இன்னொன்று. இரண்டாவதில் துணி சுற்றி டிஸ்க் இருந்தது. வண்டியில் சூடு ஏறக்கூடாதாம். படத்திலிருந்து லேசாக வஞ்சிரம் வாசனை வந்தது.

தங்கை முறம் நிறைய முருங்கைக்கீரையோடு வந்து, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து ஆய ஆரம்பித்தாள். "பொள்ளாச்சியைப் பாக்கப் போறோமா அண்ணி?" என்றாள். என் மனைவி சுவரோரமாக உட்கார்ந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. கரண்ட் போய்விடுமோ என்று மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போனால் தேவலை என்றும் தோன்றியது.

பாட்டு வந்தது. வரப்பில் முளைத்த புல் தனித்தனியாகத் தெரிந்தது, கதாநாயகன் காலில் ஒட்டிய சேறு கூடத் தெரிந்தது. பின்னால் பெண்கள் வரிசை. வியாபாரி படத்தை நிறுத்தினார்.

எல்லாரும் குனிந்திருந்தார்கள். நடவு நடுகிறவள் வேறு எப்படி இருப்பாள்? தலையில் கட்டிய துணிதான் தெரிந்தது, முதுகு தெரிந்தது. ஒரு முகம் கூட இல்லை. இத்தனை துல்லியமாக முதுகைக் காட்ட ஒரு டிஸ்க்.

"முகமே காணுமே அண்ணி" என்றாள் தங்கை. நல்லவேளை, குரலில் கேலி இல்லை. என் மனைவி, "நிமிர விடலயே அவங்க" என்றாள், அவ்வளவுதான். வியாபாரி படத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். குனிந்தபடியே எல்லாரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள், இன்னோர் அடி நகர்ந்தார்கள். நான் மனசுக்குள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முறத்தில் கீரை விழுகிற சத்தம் நின்றது.

"பின்னாடி போங்க" என்றாள் தங்கை. "இன்னும் கொஞ்சம். அங்க நிறுத்துங்க."

எழுந்து டிவி கிட்டே போனாள். வரிசையில் மற்ற எல்லாருக்கும் நாற்று முடி, அந்தச் சின்னக் கட்டு, இடது கையில், நடுவது வலது கை. ஓரத்திலிருந்து மூன்றாவது ஆளுக்கு மட்டும் முடி வலது கையில் இருந்தது, நடுவது இடது கை. அவளுக்குப் பக்கத்தில் நின்ற பெண் வரிசையை விட்டு அரை அடி தள்ளி, உடம்பை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு நட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கை அந்தப் பெண்ணைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கை தானாகத் தன் விலாவைத் தடவியது.

"பாவம் இவ" என்றாள். "இந்த முழங்கை எனக்குத் தெரியாதா?"

என் மனைவி, "பொள்ளாச்சிக்கு பஸ் புடிச்சுப் போய் நட்டேன்" என்றாள்.

"நட்டதும் கோணலாத்தான் இருக்கு அண்ணி."

"அப்ப நான்தான்னு ஒத்துக்கற."

"கோணலப் பாத்துத்தான் ஒத்துக்கறேன்." முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய ஆரம்பித்தாள். தலை நிமிராமல், "சம்பந்தி வீட்டுலயும் இந்த மெஷின் இருக்காண்ணே?" என்று என்னைக் கேட்டாள்.

இல்லை என்றேன். அப்படியென்றால் நம்முடையதைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றாள். மோட்டார் சைக்கிளில் எப்படிக் கட்டுவது, குலுங்கினால் என்ன ஆகும், வியாபாரி டிஸ்க்கோடு கூட வருவாரா, அங்கே கரண்ட் சரியாக இருக்குமா என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். "இன்னொரு தடவை போடுங்க" என்றாள் தங்கை. வியாபாரி தன் முதல் பெட்டியைத் திறந்து, ஐஸ் இன்னும் தாங்குமா என்று பார்த்துவிட்டு, போட்டார்.