செயின் ஒரு பல் தள்ளி

என்ஜினை முழுக்கப் பிரித்து வேலை பார்த்து அனுப்பிய வண்டி, ஒரே வாரத்தில் என்ஜின் லைட் எரிந்தபடி திரும்பி வந்தால் ஒர்க்‌ஷாப்பில் அதைவிடப் பெரிய தலைகுனிவு இல்லை. கல்பனா மேடத்தின் கார் அப்படித்தான் வந்தது. அவர் குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியை.

தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் நானும் ஏழுமலையும் கூட்டாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறோம். என்ஜின் வேலை அவனுடையது, எலெக்ட்ரிக்கல் என்னுடையது. மேடத்தின் என்ஜினை இறக்கி, பிஸ்டன் ரிங், டைமிங் செயின் எல்லாம் மாற்றி மூடியவன் அவன்.

“ஜி.எஸ்.டி. ரோட்ல போகும்போது வண்டி உதறுது சார். லைட்டும் எரியுது. என்ஜினையே பிரிச்சு மாட்டினதுக்கப்புறமும் இப்படின்னா எப்படி?” என்றார் மேடம்.

ஸ்கேனரை மாட்டினேன். கிராங்க் சென்சார் சிக்னலும் கேம் சென்சார் சிக்னலும் ஒத்துப்போகவில்லை என்று எரர் காட்டியது. கிராங்க், கேம் என்ற இரண்டு தண்டுகளையும் சேர்த்துச் சுழற்றுவது டைமிங் செயின்; அதை ஒரு பல் தள்ளி மாட்டினால் இந்த எரர் வரும். சென்சார் ஒயரில் கோளாறு இருந்தாலும் வரும். ஒயரைப் பார்க்க வேண்டியது என் வேலை. பார்க்கவில்லை. மேடத்தை வைத்துக்கொண்டே, “செயினை ஒரு பல் தள்ளி மாட்டிட்டான் மேடம்” என்று சொல்லிவிட்டேன்.

ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். “மார்க் பாத்துதான் மச்சான் மூடினேன்.”

“பாத்திருந்தா ஏன் லைட் எரியுது?”

அவன் நேராக வண்டிக்குப் போனான். செயினை மூடியிருக்கும் முன்பக்கக் கவரை மறுபடி பிரித்தான். அதற்கே ஒரு நாள் போனது. செயின் சரியாக மாட்டியிருப்பதைக் காட்டும் டைமிங் மார்க்குகள் அச்சு பிசகாமல் நேராக நின்றன. “வந்து பாரு” என்று மட்டும் சொன்னான்.

அவன் எல்லாவற்றையும் மாட்டிய பிறகுதான் நான் ஒயரிங்கில் கை வைத்தேன். என்ஜினை ஓடவிட்டு, கேம் சென்சாருக்குப் போகும் ஒயரை அசைத்தேன். என்ஜின் உதறியது. ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், எலி கடித்த ஒயர் ஓரிரண்டு செப்பு இழையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒயரை மாற்றியதும் லைட் போய்விட்டது. மேடத்துக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னேன்.

“ஐயோ, அவருக்கு என்ஜின் வேலை சரியா வராதுன்னு அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேனே சார்.”

அவர் திருத்திப் போடத்தான் செய்தார். ஆனால் அங்கிருந்து வருகிறவர்கள் அதன்பின், “என்ஜின் வேலையையும் நீங்களே பாத்துடுங்க சார்” என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்கள், ஏழுமலையின் காதில் விழும்படியே.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “வுடு மச்சான். எலி கட்ச்சதுக்கு நீ இன்னா பண்ணுவ?” என்றான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எரர் வந்தால் முதலில் உங்கள் பங்கு வேலையைச் சோதித்து முடியுங்கள். அதுவரை கஸ்டமர் முன்னால் யார் பெயரையும் எடுக்காதீர்கள்.

நாங்கள் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். என்ஜின் வேலையில் அவன் என்னைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் ஒவ்வொரு முறையும் கவரை மூடுவதற்கு முன் கூப்பிடுகிறான்.

“மச்சான், வந்து பாத்துக்கோ. அப்பால மூடுறேன்.”

நான் போய்க் குனிந்து பார்க்கிறேன். “சரியா கீது” என்று நான் சொல்லும்வரை அவன் ஸ்பேனரைக் கையில் எடுப்பதில்லை.